1,150 ரூபாய் ஜாயின்ட் கிட்: எஃகு தேறியது, ரப்பர் தேறவில்லை

2025 அக்டோபர் 1, ஆயுதபூஜை. மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து மெதுவாக நகர்த்தினேன். பழங்கள் நசுங்கின. எதிரே தூண் இருந்ததால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடித்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக், டிக். சக்கரம் சுற்றும் வேகத்துக்குச் சரியாகத் தாளம் போட்டது.

"தேங்காய்ச் சில்லு மாட்டிக்கொண்டதா, அம்மா?" என்று காவலாளி அண்ணன் குனிந்து பார்த்தார். சில்லு எதுவும் இல்லை. ஸ்டியரிங்கை நேராக்கினால் சத்தம் நின்றது. மறுபடி ஒடித்தால் மறுபடி டிக் டிக்.

வண்டி 2008ஆம் ஆண்டு அப்பா வாங்கிய வெள்ளை மாருதி 800. 2010 ஏப்ரலில் புதிய மாசு விதிகள் வந்தபோது சென்னை உட்பட 13 நகரங்களில் இந்த வண்டியின் விற்பனையை நிறுத்தினார்கள். 2014இல் தயாரிப்பும் நின்றது. அப்பா இப்போது இல்லை. 2023இல் பதிவை 2028 வரை புதுப்பித்து நானே ஓட்டுகிறேன். என் தொழில், வரிக் கணக்கு எழுதுவது. அதனால் நான் எதை வாங்கினாலும் ரசீதோடுதான் வாங்குவேன், எதைக் குறை சொன்னாலும் கணக்கோடுதான் சொல்வேன். இது, முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் என்ற தண்டின் சக்கரப் பக்கத்து மூட்டுக்காக, அதாவது வெளி ஜாயின்டுக்காக, நான் வாங்கிய ஒரு கிட்டின் மதிப்புரை. பெட்டியின் மேல் இருந்த பெயரை எழுதப் போவதில்லை. ஒரே ஒரு பெட்டியை வைத்து ஒரு நிறுவனத்துக்குத் தீர்ப்பு எழுதுவது என் தொழிலுக்கு ஆகாது.

முதலில் வீட்டருகே ஒரு பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் விளக்கைப் பிடித்து ஐந்து விநாடி பார்த்தார். "வலப்பக்க ஆக்சில் போய்விட்டது, மேடம். முழு ஆக்சிலையும் மாற்ற வேண்டும். கூலியோடு 4,800." இடப்பக்கம் திரும்பும்போது பெரும்பாலும் வலச்சக்கரத்து ஜாயின்ட்தான் கத்தும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். முழு ஷாஃப்டையும் (அவர் வாயில் அது ஆக்சில்) மாற்றுவது அவருக்கு நேரம் மிச்சம். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் விளக்கைப் பிடித்தபோது நானும் குனிந்தேன். சக்கரத்துக்குப் பின்னால், ஷாஃப்டின் முனையில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்; துருத்தி மாதிரி. அதன் ஒரு மடிப்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். சுற்றிலும், சக்கரத்தின் உட்புறம், சக்கரத்தை அடியிலிருந்து பிடித்திருக்கும் கீழ்க்கை, பிரேக் குழாய் எல்லாவற்றின் மேலும் கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தது. அதன்மேல் மணல் ஒட்டிக் காய்ந்திருந்தது.

இந்த ரப்பரை மெக்கானிக்குகள் பூட் என்பார்கள். நான் இங்கே உறை என்றே எழுதுகிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

மணல் எப்படி வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாவது மெட்ரோ வழித்தடத்துக்காக எங்கள் பக்கத்துச் சாலையைப் பல ஆண்டுகளாகக் கிளறிப் போட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்த்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வண்டிகளை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த வரிசையில் இந்த வெள்ளை வண்டியும் நின்றது. உறை கிழிந்தது எந்தப் பள்ளத்தில் என்று தெரியாது. கிழிந்த பிறகு எத்தனை மாதம் தண்ணீரையும் மணலையும் குடித்தது என்பதும் தெரியாது. ஒழுங்காகக் குனிந்து பார்த்திருந்தால் முன்னூறு ரூபாய்க்குள் உறையை மட்டும் மாற்றி முடித்திருக்கலாம்.

அந்த உறைக்குள் இருப்பது அழகான ஒரு சாமான். லாரியின் நீண்ட ஷாஃப்டில் சிலுவை மாதிரி ஒரு மூட்டு இருக்கும். அதை வளைத்துச் சுற்றினால், உள்ளே வரும் சுற்று சீராக இருந்தாலும் வெளியே போகும் சுற்று ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை வேகமெடுத்து இருமுறை தளரும். முன்சக்கரம் வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்றால் அந்தத் துள்ளல் ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். 1920களில் ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ஜெப்பா இதற்கு வழி கண்டார். ஒரு கிண்ணம், அதற்குள் ஓர் உருண்டை, இரண்டிலும் ஆறு வளைந்த பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒன்றாக ஆறு எஃகு குண்டுகள், குண்டுகளை ஒரே தளத்தில் பிடித்து வைக்க ஒரு கூண்டு. ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் வளைந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். அதனால் உள்ளே வரும் வேகம் அப்படியே வெளியே போகும். 1959இல் வந்த மினி காருக்குள் இந்த வகை மூட்டு போன பிறகுதான் முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார் ஊருக்கெல்லாம் சாத்தியமானது. மடிப்பாக்கத்து மாருதியும் அந்த வம்சம்தான். பள்ளங்களில் மணல் அரைபட்டுக் குழி விழுந்தால், ஒவ்வொரு குண்டும் குழியைத் தாண்டும்போது ஒரு டிக்.

சனிக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரியும் இந்தச் சாலையில் காருக்கான உதிரிப் பாகம் எதுவும் கிடைக்கும். பழைய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் இன்னொருவர் வண்டியில் எத்தனை மணல் குடித்தது என்று தெரியாத ஜாயின்டை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

நான் போன கடை பத்தடி அகலம்கூட இருக்காது. கூரை வரை அட்டைப் பெட்டிகள். கவுன்டருக்கு முன்னால் நின்ற ஏழெட்டுப் பேர் கையிலும் பிளாஸ்டிக் பையில் சுற்றிய எண்ணெய்ப் பிசுக்குப் பாகங்கள். கடைக்காரர் அவற்றைப் பார்ப்பதுகூட இல்லை; கையில் வாங்கித் தடவிவிட்டு எந்த வண்டி, எந்த ஆண்டு என்று சொல்லிவிடுகிறார். என்னிடம் பழைய பாகம் இல்லை, அது இன்னும் வண்டியில் இருக்கிறது என்றதும் முகம் சுருங்கியது.

"பல் எண்ணாமல் ஜாயின்ட் கேட்டால் எப்படி, அம்மா?"

ஷாஃப்டும் ஜாயின்டும் கோத்துக்கொள்ளும் இடத்தில் நீளவாக்கில் பற்கள் இருக்கும். ஒரே பெயருள்ள வண்டியிலேயே ஆண்டுக்கு ஆண்டு அந்த எண்ணிக்கை மாறலாம். சேசிஸ் எண்ணைக் காட்டினேன். அதைப் பார்த்து மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். 850, 1,150, 1,900. நடுவில் இருப்பதை எடுப்பது எங்கள் தொழிலில் ஊறிய வழக்கம்; மூன்று மதிப்பீடு வாங்கினால் நடுவில் கை போகும். "பில் வேண்டுமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை ஒரு வரிக் கணக்காளரிடம் கேட்கக் கூடாது. செப்டம்பர் 22 முதல் உதிரிப் பாகங்களுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருந்தது. பில்லில் 18 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, பல் பொருந்தவில்லை என்றால் கிரீஸ் படாமல் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். பில்லின் பின்புறம் அதை எழுதியும் கொடுத்தார். கடைக்கு என் மதிப்பெண் அங்கேயே ஏறிவிட்டது.

கிளம்பும்போது, தெருவின் ஹாரன் சத்தத்துக்கு மேல் ஓர் அறிவுரையும் சொன்னார். மறந்துவிடாமல் இருக்க அதையும் பையிலிருந்த நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பெட்டியில் இருந்தவை: ஜாயின்ட், ரப்பர் உறை, இரண்டு தகரப் பட்டைகள், உள்ளே மாட்டும் பூட்டு வளையம் இரண்டு, ஒரு நட்டு, பெயரில்லாத கிரீஸ் பாக்கெட் ஒன்று. கிரீஸைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 60 கிராம். ஜாயின்ட் மட்டும் முதல்தரம். குண்டுகள் கண்ணாடி மாதிரி மின்னின. கிண்ணத்தை ஒரு கையில் பிடித்து உருண்டையை மறுகையால் திருப்பினால் வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. முன்னும் பின்னும் ஆட்டினால் ஆடவில்லை. அதைத்தான் அரைமணி நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். ரப்பரை ஒருமுறைகூட மடித்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கினோம். நாங்கள் என்றால் நான், காவலாளி அண்ணன், இரண்டாம் மாடித் தம்பி. தம்பி ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். நட்டை எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் அவனிடம் இருந்தது. அதனால்தான் இந்தத் துணிச்சலே எனக்கு வந்தது.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு அதனோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும். நட்டின் பூட்டை நிமிர்த்தி, சாக்கெட்டை மாட்டி, அண்ணன் பிரேக்கை அழுத்த, நான் நீளக் கைப்பிடியின் மேல் ஏறி நின்றேன். அறுபத்திரண்டு கிலோ போதவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கி மிச்சமிருந்த இரும்புக் குழாயைக் கைப்பிடியில் சொருகி நீளத்தைக் கூட்டினான் தம்பி. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நட்டு இளகியது. மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்து மூடியது.

வண்டியை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல்லை வைக்கலாம் என்று அண்ணன் சொன்னதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் படுக்க வைத்து வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளினோம். ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும்.

கீழ்க்கையின் பந்து மூட்டைச் சக்கரத் தாங்கியோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, கடப்பாரையால் கையைக் கீழே அழுத்தியதும் தாங்கி விடுபட்டது. அதை வெளியே சாய்த்து ஷாஃப்டின் முனையை உருவினோம். இங்கே ஒரு எச்சரிக்கை: ஷாஃப்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் கியர் பெட்டிப் பக்கத்து உள் ஜாயின்ட் கழன்று, ஒரு வேலை இரண்டாகும். உருவிய ஷாஃப்டை உடனே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

பழைய உறையைக் கத்தியால் கிழித்தேன். உள்ளே கிரீஸ் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. செங்கல்பொடி நிறத்தில் ஒரு குழம்பு. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டு, உள் உருண்டையின் விளிம்பில் பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தான் தம்பி. நான்காவது அடியில் பூட்டு வளையத்தைத் தாண்டி ஜாயின்ட் கழன்று வந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன். ஆறு பள்ளங்களில் நான்கில், குண்டு வழக்கமாக உட்காரும் இடத்தில், நகத்தால் தொட்டாலே தெரியும் குழி. குண்டுகள் மங்கி, தேய்ந்த ஐம்பது பைசா நாணயம் மாதிரி இருந்தன. பற்களை எண்ணினோம். புதியதோடு பொருந்தியது. பில்லின் பின்புறம் எழுதி வாங்கியது வீண்.

புதியதைப் பூட்டும் வேலை என்னுடையது. நோட்டைத் திறந்து கடைக்காரர் சொன்னதைப் படித்தேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: "பூட்டை முதலில் போட வேண்டும்."

சரி என்று பூட்டு வளையத்தை ஷாஃப்டின் முனைக் காடியில் மாட்டினேன். ஜாயின்டுக்குள் பாதிக் கிரீஸை அப்பி, பற்களைக் கோத்து, மரக்கட்டையை வைத்து மூன்று அடி. உள்ளே "டக்" என்று வளையம் விரிந்து பிடித்தது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பெருமையாக நிமிர்ந்தேன். தம்பி என் கையைப் பார்க்கவில்லை. கீழே செய்தித்தாளின் மேல் புத்தம் புதிதாகக் கிடந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பூட்டை முதலில் போட்டிருக்க வேண்டும்."

"போட்டேனே!"

"அதில்லை, அக்கா. இது."

ரப்பர் உறை கிண்ணத்தைத் தாண்டி நுழையாது. அதை ஷாஃப்டில் ஏற்றிவிட்டுத்தான் ஜாயின்டை மாட்ட வேண்டும். கடைக்காரர் சொன்ன பூட்டுக்கும் நான் எழுதிய பூட்டுக்கும் வாயில் வித்தியாசம் உண்டு. தமிழ் எழுத்தில் இல்லை. ஒன்று ஆங்கிலச் செருப்பு, மற்றொன்று நம் திண்டுக்கல் சரக்கு. இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தால் இரண்டும் ஒரே உருவம். இத்தனை ஆண்டுகளாகக் கணக்குப் புத்தகத்தில் ஒரு சுழியைக்கூட மாற்றி எழுதாதவள், ஓர் உருபில் விழுந்தேன். அன்றிலிருந்து எனக்கு அது உறை.

சற்று முன்தான் மரியாதையாக மரக்கட்டை வைத்துத் தட்டி ஏற்றிய புது ஜாயின்டை மறுபடி சுத்தியலால் அடித்து இறக்கினோம். வளையம் கோணிவிட்டது. பெட்டியில் இரண்டாவது வளையம் இருந்ததற்கு அந்தப் பெயர் சொல்லாத நிறுவனத்துக்கு நன்றி. இந்த முறை சிறிய பட்டை, உறை, பிறகு வளையம், பிறகு ஜாயின்ட். மீதிக் கிரீஸை உறைக்குள் தள்ளி, விளிம்பைக் கொஞ்சம் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, பட்டைகளை இறுக்கினோம். ஒரு குறிப்பு: வீட்டில் இருக்கிறதே என்று சாதாரண மஞ்சள் கிரீஸைப் போட்டு நிரப்பாதீர்கள். இந்த ஜாயின்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருஞ்சாம்பல் கிரீஸ்தான் வேண்டும். எஃகு எஃகை நசுக்கும் இடத்தில் சாதாரண கிரீஸ் ஒதுங்கிவிடும். இது படலமாக நிற்கும்.

கடைசியில் சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, அண்ணன் பிரேக்கை அழுத்த, கையேட்டில் உள்ள அளவை டார்க் ரெஞ்சில் வைத்துத் தம்பி புது நட்டை முடுக்கினான். அந்த நட்டின் இறுக்கம்தான் சக்கர பேரிங்கின் ஆயுள் என்றான். ஏறி நின்று குதித்து முடுக்குவதற்கு அவன் சம்மதிக்கவில்லை. மணி மூன்று. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, தூணைச் சுற்றி, குடியிருப்பைச் சுற்றி, தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய் வந்தேன். சத்தமே இல்லை. அத்தனை வருஷமும் கேட்காத என் காருடைய மற்ற சத்தங்கள் எல்லாம் அன்றுதான் கேட்டன.

மதிப்புரையை அந்த வாரமே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

நவம்பர் நடுவில், மழை விட்ட ஒரு காலை, டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போனபோது குனிந்து பார்த்தேன். இப்போது குனிவது பழக்கமாகிவிட்டது. சக்கரத்தின் உட்புறம் மெல்லிய கறுப்பு வட்டம் ஒன்று. ஆறே வாரம். கிழிசல் எதுவும் இல்லை. ஷாஃப்ட் பக்கத்துச் சிறிய வாய்தான் வழுக்கியிருந்தது. தகரப் பட்டை, பிஸ்கட் டப்பா மூடி கனம்கூட இல்லாதது, நெகிழ்ந்துவிட்டது. உறையின் வாயும் ஷாஃப்டின் காடியை விட ஒரு மயிரிழை பெரிது. எத்தனை இறுக்கினாலும் ரப்பர் சுருங்கி மடியுமே ஒழிய கவ்வாது. வளைந்து நிமிரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிரீஸைத் துப்பிக்கொண்டிருந்தது.

பில்லை எடுத்துக்கொண்டு மறுபடி ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கடைக்காரர் வாதம் செய்யவில்லை. நான் எடுத்துப் போன படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், வேறொரு தயாரிப்பின் உறை கிட்டைக் கொண்டுவந்தார். அதைச் சட்டைக் கையை மடிப்பது போல உள்வெளியாகப் புரட்டிக் காட்டினார். மடிப்பின் அடியில் வெளுக்கவில்லை, விட்டதும் சட்டென்று பழைய உருவத்துக்கு வந்தது. வாயின் உட்புறம் காடிக்குள் உட்கார ஒரு வரம்பு இருந்தது. பட்டைகள் துருப்பிடிக்காத எஃகு. காது மாதிரி ஒரு மடிப்பு, அதைக் குறடால் நசுக்கினால் இறுகும். கிரீஸ் பாக்கெட்டில் பெயரும் வகையும் எடையும் அச்சிட்டிருந்தது: 90 கிராம். விலை 280.

"அப்படியானால் முதல் பெட்டியில் ஏன் அதைக் கொடுத்தார்கள்?" என்றேன்.

"அந்தப் பெட்டியில் ரப்பர் கொசுறு மாதிரி, அம்மா. குண்டுக்குத்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள்."

இதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதற்காகக் கடைக்கு அரை மதிப்பெண் குறைத்தேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. 280க்கும் பில் மட்டும் கேட்காமலே போட்டுக் கொடுத்தார்.

உறையை மாற்றுவதற்கும் ஜாயின்டைக் கழற்றத்தான் வேண்டும். நட்டு முதல் நட்டு வரை மறுபடி எல்லாம். இம்முறை இரண்டரை மணி நேரம். நோட்டைத் திறக்கவே இல்லை. உள்ளே மிச்சமிருந்த கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன்: மணல் உள்ளே நுழைந்திருக்கவில்லை, பள்ளங்கள் பளபளவென்று அப்படியே இருந்தன. ஆறு வாரத்தில் பிடிபட்டதால் தப்பியது. ஆறு மாதம் விட்டிருந்தால் 1,150 ரூபாய் ஜாயின்டை அந்த நெகிழ்ந்த பட்டை தின்றிருக்கும்.

ஆகவே கிட் வாங்கலாமா? வாங்கலாம், ஜாயின்டுக்காக. எஃகில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கவுன்டரில் நிற்கும்போதே பெட்டியைத் திறந்து ரப்பரைப் புரட்டிப் பாருங்கள், பட்டையை விரலால் வளைத்துப் பாருங்கள். விரலுக்கு வளைந்தால் அந்த ரப்பரை வீட்டில் வைத்துவிட்டு நல்ல உறை கிட் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கொட்டட்டும்.

கணக்கு கேட்பவர்களுக்கு: கிட் 1,150. சாக்கெட் 340. நீளக் கைப்பிடி 520. ஸ்டாண்டு ஜோடி 1,400. பனியன் வேஸ்ட் ஒரு கிலோ 70. இரண்டாவது உறை 280. மொத்தம் 3,760. பட்டறை கேட்டது 4,800. 1,040 ரூபாய் லாபம் என்று நான் சொன்னபோது, ஒன்றரை ஞாயிற்றுக்கிழமைக்கு உன் கூலி என்ன என்று கேட்டார் வீட்டுக்காரர். சாக்கெட்டும் கைப்பிடியும் ஸ்டாண்டும் மூலதனச் செலவு, ஒரே ஆண்டில் கழிக்கக் கூடாது என்று பதில் சொன்னேன். தம்பிக்கும் அண்ணனுக்கும் இரண்டு முறையும் போட்ட மதியச் சாப்பாட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

போகிக்கு முந்தின வாரம் பழையதை ஒழித்தபோது, பரணில் வைத்திருந்த பழைய ஜாயின்டையும் மூன்று ரப்பர்களையும், கிழிந்த அசல், வாய் பெரிதான கொசுறு, ஸ்கூட்டரின் ஏதோ ஒன்று, ஒரு பையில் போட்டுக் காயலான் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஜாயின்டைத் தராசில் வைத்தார். 48 ரூபாய். ரப்பர்களைப் பையோடு என் பக்கமே தள்ளினார்.

"இதற்கெல்லாம் காசு கிடையாது, அம்மா. எடுத்துப் போய்விடுங்கள். போகியில் போட்டுக் கொளுத்திவிடாதீர்கள், போலீஸ்காரர் வருவார்."

திரும்ப எடுத்து வந்தேன். கீழ்த்தளத்தில், தூணுக்குப் பக்கத்தில், மாலிப்டினம் வாசனையோடு அந்தப் பை இன்னும் தொங்குகிறது.